பனியில் ஓட்டுக் கேட்டு: நியூ ஹாம்ப்ஷயர் நாட்குறிப்பு

பிப்ரவரி 7, 2020, வெள்ளி

காலை ஐந்தரைக்கே தோழி காரோடு வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு டப்பா புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க்கில் காபி, இருவருக்கும் பனிக்கால பூட்ஸ். ஐந்து நாளைக்கு மகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் கூட்டி வருவதும் அவள் அப்பா பொறுப்பு. தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தவள், பச்சை க்ரேயானில் தானே வரைந்த ஒரு அட்டையை என் கையில் வைத்தாள். "கதவு திறக்கிறவங்ககிட்ட இதைக் காட்டுங்கம்மா."

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா சுமார் 250 மைல். டாப்பன் ஸீ பாலம், ஹார்ட்ஃபோர்டு, வொர்ஸ்டர், பிறகு மாசச்சூசெட்ஸ் எல்லை தாண்டியதும் முதல் ஊர். எல்லையில் கார் நம்பர் பலகைகள் மாறின. "சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துமடி" என்பது நியூ ஹாம்ப்ஷயரின் வாசகம். எல்லா வண்டியிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

எதற்கு இந்தப் பயணம் என்று மாமியார் கேட்டார். நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும், நாம் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதையும் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதுதான் பிரைமரி. ஆனால் எல்லா மாநிலமும் ஒரே நாளில் போடுவதில்லை. நியூ ஹாம்ப்ஷயர் 1920 முதல் முதலாவதாகப் போடுகிறது. வேறெந்த மாநிலமும் முந்திவிடக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறது. எங்கள் நியூ ஜெர்சிக்கு ஜூன் 2. எங்கள் முறை வருவதற்குள் பாதிப் பேர் விலகிப் போயிருப்பார்கள். போன ஆண்டுதான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. முதல் அதிபர் தேர்தல். ஜூன் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை.

நான் ஓட்டுக் கேட்கப் போவது ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயலும் செனட்டர் எலிசபெத் வாரனுக்காக. போன செப்டம்பர் 16 அன்று நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்தில் அவர் பேசிய கூட்டத்துக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். 1911-ல் 146 தொழிலாளர்கள் கருகிச் செத்த ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தீயைக் கண்ணால் பார்த்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண் பிற்பாடு அதிபர் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறை அமைச்சராகி என்னவெல்லாம் செய்தார் என்பதுதான் அன்றைய பேச்சு. முடிந்ததும் படம் எடுத்துக்கொள்ள வரிசை. சுமார் நான்கு மணி நேரம் நின்று கடைசி ஆள் வரை எடுத்துக்கொண்டார். மறுநாள் பள்ளி இருந்தும் நாங்கள் நின்றோம். அவர் குனிந்து என் மகளின் சுண்டுவிரலில் தன் விரலைக் கோத்தார், நம் பிள்ளைகள் பழம் விடுவது மாதிரி. "நான் அதிபர் தேர்தலில் நிற்கிறேன், ஏனென்றால் பெண் பிள்ளைகள் செய்வது அதுதான்" என்று எல்லாச் சிறுமிகளிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ராஜபாளையத்துப் பெண். அப்பா ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், அந்தக் கடனில் எங்கள் வீடு போனது. அப்பா முட்டாள், அதனால் போனது என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். வாரன் சட்டப் பேராசிரியராக இருந்து பல ஆண்டுகள் ஆராய்ந்ததே, குடும்பங்கள் ஏன் திவாலாகின்றன என்பதை. பொறுப்பில்லாமல் செலவழித்து அல்ல, வேலை போனதால், வியாதி வந்ததால், குடும்பம் உடைந்ததால் என்று கணக்கோடு எழுதினார். அதைப் படித்த ராத்திரி அப்பாவை நினைத்து வெகுநேரம் அழுதேன்.

தங்குவதற்கு ஓட்டல் இல்லை. ஆதரவாளர் ஒருவர் வீட்டு மாடி அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். இரவு அவர் சோபாவில் உட்கார்ந்து விவாதம் பார்த்தோம். பக்கத்திலேயே, செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் நடந்தது. கட்சியின் வேட்பாளராகப் போட்டியிடும் ஏழு பேர். அவர்களில் ஒருவரான ஏமி க்ளோபுஷார் முடிவுரையில் ஒரு கதை சொன்னார். ரூஸ்வெல்ட்டின் இறுதிப் பயணத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்த ஒருவரிடம், அவரைத் தெரியுமா என்று கேட்டார்களாம். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியும் என்றாராம் அந்த ஆள். வீட்டுக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குக் கதவுகளில் இந்தக் கதை நம்மைச் சந்திக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பிப்ரவரி 8, சனி

பயிற்சி ஒரு வீட்டு கராஜில். சுற்றிலும் பச்சை அட்டைகள், டோனட் பெட்டிகள், ஒரு சின்ன ஹீட்டர். அமைப்பாளருக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். ஏழு மாதமாக இந்த ஊரிலேயே கிடக்கிறாள். அரை மணியில் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

போனில் மினிவேன் என்று ஒரு செயலி. நமக்கு ஒதுக்கிய தெருக்களை டர்ஃப் என்கிறார்கள். அதில் எல்லா வீடும் வராது. இந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடக்கூடியவர்கள் பெயரும் வயதும் மட்டும் வரும். பேசி முடித்ததும் ஒரு எண் போட வேண்டும். 1 என்றால் நிச்சயம் நம் ஓட்டு. 2 நம் பக்கம் சாய்வு. 3 முடிவு செய்யாதவர். 4 வேறொருவர் பக்கம் சாய்வு. 5 வேறொருவருக்கே உறுதி. பெல்லை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். நோட்டீஸைக் கதவுப் பிடியில் செருகலாம், தபால் பெட்டியில் போடக் கூடாது, அது தபால் துறைக்கு மட்டுமே என்று மத்தியச் சட்டம். யாரோடும் வாதாடக் கூடாது.

ஊரில் எனக்குத் தெரிந்த ஓட்டுச் சேகரிப்பு வேறு. வேன் மேலே நின்று கும்பிடுவார்கள், முன்னால் மேளம், வாசலுக்கு வாசல் ஆரத்தி. இங்கே இரண்டு பெண்கள், ஒரு போன், விறைத்த விரல்கள்.

எங்கள் டர்ஃப் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருக்கள். நாஷுவா ஆறும் மெரிமாக் ஆறும் சேரும் ஊர் இது. ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர். கியூபெக்கிலிருந்து ஃபிரெஞ்சுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து தறியில் நின்றிருக்கிறார்கள். மணிக்கூண்டு வைத்த அந்தச் செங்கல் ஆலை இப்போது குடியிருப்பு. ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவள் நான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

46 கதவுகள். திறந்தவை 13. அதில் 1 மூன்று பேர், 2 இரண்டு பேர், 5 நான்கு பேர் (இருவர் சாண்டர்ஸுக்கு, ஒருவர் புட்டிஜெஜுக்கு, ஒருவர் பைடனுக்கு). மிச்ச நான்கும் 3. தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது நான்கு பேர் முடிவு செய்யவில்லை! ஊரிலிருந்து போன் செய்த அண்ணன் நம்பவே இல்லை. ஆனால் இங்கே அப்படித்தான். பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் இரண்டு பேர் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள். அன்றைக்குச் சாவடிக்குப் போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு, வெளியே வரும்போது ஒரு கையெழுத்துப் போட்டு மறுபடி கட்சி இல்லாதவர் ஆகிவிடலாம்.

ஒரு கதவைத் திறந்தவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். உள்ளே அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருக்க, கையில் கரண்டியோடு நின்றார். சுமார் 13.6 லட்சம் பேர் உள்ள இந்த மாநிலத்துக்கு மக்கள் அவையில் 400 உறுப்பினர்கள். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். கதவு தட்டினால் எம்எல்ஏவே திறக்கிற ஊர் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த நான்கு 3-களும் வேறு வேறு வார்த்தையில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். இன்று கால் கடுக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று காலை பத்து முதல் இருட்டும் வரை நடந்தோம். எழுத நிறைய இருக்கிறது.

முதலில் நேற்று விட்ட விஷயம். இன்று காலை மூன்றாவது கதவு. அறுபது வயதிருக்கும் பெண், கழுத்தில் மப்ளர், காலடியில் ஒரு கிழட்டு நாய். எங்கள் பச்சை பேட்ஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாரனை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறார். குழந்தைக் காப்பகத் திட்டம், 5 கோடி டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்கள் மேல் போடும் டாலருக்கு இரண்டு சென்ட் வரி, எல்லாம் நுனி விரலில். "அவர்தான் இருக்கிறதிலேயே கெட்டிக்காரர்" என்றார். நான் 1-ஐ அழுத்தப் போனேன்.

"ஆனா அவருக்குப் போடப் போறதில்லை."

ஏன் என்று கேட்டேன்.

"என் தம்பி பென்சில்வேனியாவில இருக்கான். அவன் மாதிரி ஆளுங்க ஒரு பொம்பளைக்கு ஓட்டுப் போட மாட்டாங்க. 2016-ல ஹிலரிக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தோமே. டிரம்ப்பைத் தோற்கடிக்கணும். அதுக்கு யாரால முடியுமோ அவங்களுக்குத்தான் போடணும்."

யாரால முடியும்?

"அதுதான் தெரியலை" என்று சொல்லிவிட்டு நாயைத் தடவிக் கொடுத்தார்.

நேற்றைய நான்கு பேரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்கு விஸ்கான்சினில் மாமனார், ஒருவருக்குப் பொதுவாக "அங்கே உள்ளவங்க". கதவு திறக்கிற ஒவ்வொருவர் மனசிலும் வேறெங்கோ இருக்கிற யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு ஓட்டை முடிவு செய்கிறார். பொதுத் தேர்தலில் அந்தப் பயம் நியாயம். இரண்டு பேரில் ஒருவர்தான். ஆனால் பிரைமரி என்பதே மனசுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கிற ஒரே சந்தர்ப்பம். அங்கேயும் தன் மனசை ஒதுக்கிவிட்டு அடுத்தவன் மனசைக் குறிபார்த்துப் போட்டால், எல்லோரும் எல்லோரையும் குறிபார்த்து, யாருக்குமே பிடிக்காத ஒருவர் வந்து நிற்பார். தம்பியும் ஒருவேளை அக்காவை நினைத்துத்தான் போடுவாரோ என்னவோ.

எங்கள் ஆச்சி சொல்வாள், "ஜெயிக்கிறவனுக்குப் போடு, ஓட்ட வீணாக்காத." ஒவ்வொரு தேர்தலுக்கும் தெருவில் விசாரித்து, யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொண்டுதான் போவாள். ராஜபாளையத்தில் ஆச்சி, நாஷுவாவில் இந்த அம்மா. அவர்களிடம் எனக்குக் கோபமே இல்லை. தோற்கிற பக்கம் நின்று அடிபட்டவர்கள் இருவரும். அமைப்பாளர் வாதாடாதே என்றாள். நான் மகள் கொடுத்த அட்டையை மட்டும் எடுத்துக் காட்டினேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண், பக்கத்தில் இரண்டு ஜடையோடு ஒரு சின்னப் பெண், கோத்த விரல்கள் மட்டும் படத்திலேயே பெரிதாக. அவர் வெகு நேரம் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை காலையில பார்ப்போம்" என்றார். 3 போட்டேன்.

மதியம் தெற்குப் பக்கம் அடுக்குமாடிகள். செயலியில் ஒரு ஐரிஷ் பெயர், கதவைத் திறந்தது லுங்கியும் ஸ்வெட்டரும் போட்ட நம்மாள். நாங்கள் இருவரும் தமிழில் ஏதோ பேசிக்கொண்டு நின்றது கேட்டிருக்கிறது. "தமிழா? உள்ள வாங்கக்கா, வெளியில குளிருது" என்றார். பழைய வாடகைக்காரர் காலி செய்து ஒரு வருடம் ஆகிறதாம். மனைவி இஞ்சி தட்டிப் போட்ட டீயும் கை முறுக்கும் கொண்டு வந்து வைத்தாள். மதுரைக்காரர்கள். அவர் ஹெச்1பி விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டு வரிசையில் எட்டு வருடம்.

"எங்களுக்கு ஓட்டு இல்லக்கா. இதையெல்லாம் தொடவே கூடாதுன்னு பயந்து ஒதுங்கிருவோம்."

இதை வாசிக்கும் பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாதவர்கள் ஓட்டுப் போட முடியாது, நன்கொடையும் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை கொடுக்கலாம், ஓட்டுத்தான் இல்லை. ஆனால் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்ய யாருக்கும் தடையில்லை. கதவு தட்டலாம், போன் பண்ணலாம், அட்டை பிடித்து நிற்கலாம். பிரசாரத்தில் முடிவெடுக்கிற இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது. இதைச் சொன்னதும் அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை காலையில ஒரு மணி நேரம் நிக்கலாம்ல?" என்று கேட்டது அவள்தான்.

அதே கட்டடத்தின் அடுத்த மாடி. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண். பட்டியலில் இருந்தது அவள் அம்மா பெயர். இவள் முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட். காப்பகச் செலவு கட்டுப்படியாகாமல், அம்மா பகல் வேலை முடித்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள, இவள் கிளம்புகிறாள். ஒருவர் தூங்கும் நேரம் மற்றவர் விழித்திருக்க வேண்டும்.

அவளிடம் பீ பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். வாரன் எந்த மேடையிலும் விடாமல் சொல்வது. ஹூஸ்டனில் அவர் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிது, இரண்டு சின்னப் பிள்ளைகள், காப்பகம் எதுவும் சரிவரவில்லை. ஒரு ராத்திரி போனில் அழுதபடி, வேலையை விடப் போகிறேன் என்றிருக்கிறார். 78 வயது பீ பெரியம்மா, வாரனின் அம்மாவுக்கு அக்கா, "நாளைக்கு வர முடியாது, வியாழக்கிழமை வரேன்" என்றாராம். ஏழு பெட்டிகளோடும் ஒரு நாயோடும் வந்து இறங்கியவர் பதினாறு வருடம் கூட இருந்தார். எல்லோருக்கும் ஒரு பீ பெரியம்மா கிடைக்க மாட்டார், அதனால்தான் திட்டம் வேண்டும் என்று முடிப்பார் வாரன்.

இந்தக் கதையை முதல் முறை கேட்டபோதே எனக்குத் தெரிந்த கதை மாதிரி இருந்தது. மகள் பிறந்தபோது அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தார். அவர் போனதும் மாமியார் ஆறு மாதம். பிறகு மறுபடி அம்மா. எடிசனில் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தன. மருந்துப் பொடியும் பேறுகால லேகியமும் பெட்டியில் கட்டிக்கொண்டு, இருபது மணி நேரம் விமானத்தில் கால் வீங்க வந்து இறங்கிய நம் அம்மாக்கள் எல்லோரும் பீ பெரியம்மாக்கள்தான். அந்தப் பெண்ணிடம் இதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "நான் இன்னும் பதிவே செய்யலையே" என்றாள்.

இந்த மாநிலத்தில் ஓட்டுப் போடும் அன்றைக்கே சாவடியில் பதியலாம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, இந்த முகவரிக்கு வந்த ஏதாவது ஒரு பில். செயலியில் அவளுக்குப் பெயரே இல்லை. எண் போட இடமும் இல்லை.

இரவு வீட்டுக்கார அம்மா சூப் வைத்திருந்தார். ஏன் முன்பின் தெரியாதவர்களுக்கு மாடியைத் திறந்துவிடுகிறீர்கள் என்று கேட்டேன். 1968-ல் அவருக்குப் பதினெட்டு வயதாம். வியட்நாம் போரை எதிர்த்து யூஜீன் மெக்கார்த்தி, அதிபர் பதவியில் இருந்த தன் கட்சியின் ஜான்சனை எதிர்த்தே பிரைமரியில் நின்றார். அவருக்காகக் கல்லூரி மாணவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பெரியவர்கள் கதவைச் சாத்திவிடக் கூடாதே என்று தாடியை மழித்து, முடியை வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் நான்கு பேர் இவர் அம்மா வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார்கள். மெக்கார்த்தி ஜெயிக்கவில்லை, 42 சதவீதம்தான். ஆனால் மார்ச் முடிவதற்குள் ஜான்சன் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். "அந்தப் பசங்க எங்க அப்பாவோட ரேஸரைத்தான் கடன் வாங்குனாங்க" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று பேச்சு குறைவு, நடை அதிகம். ஏற்கெனவே 1, 2 என்று குறித்த கதவுகளுக்கு மட்டும் மறுபடி போய், எத்தனை மணிக்குப் போவீர்கள், எப்படிப் போவீர்கள் என்று கேட்டு வைப்பது. மான்செஸ்டரில் மாலை டிரம்ப் கூட்டம் என்பதால் வடக்கே போகும் சாலை காலையிலேயே நிரம்பி வழிந்தது.

நகராட்சிக் கட்டடத்துக்குப் போனபோது மாதிரி வாக்குச்சீட்டு பார்த்தேன். இந்தக் கட்சிக்கு மட்டும் 33 பெயர்கள். 1,000 டாலர் கட்டினால் யாரும் நிற்கலாம். விலகிப் போனவர்கள் பெயரும் இருக்கிறது. எங்கள் நியூ ஜெர்சியின் கோரி புக்கர். கமலா ஹாரிஸ். டிசம்பரிலேயே விலகிவிட்டார். சென்னையில் பிறந்த ஒரு சியாமளாவின் மகள் பெயரை இந்தக் குளிர் ஊரின் வாக்குச்சீட்டில் விரலால் தொட்டுப் பார்த்தேன். தோழியும் தொட்டாள்.

நள்ளிரவு வரை விழித்திருந்தோம். வட கோடியில் டிக்ஸ்வில் நாட்ச் என்ற சிற்றூரில் பன்னிரண்டு மணி அடித்ததும் ஓட்டுப் போட்டு அப்போதே எண்ணிவிடுவார்கள். மொத்தம் ஐந்து ஓட்டு. சீட்டில் பெயரே இல்லாத நியூயார்க் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க்குக்கு மூன்று பேர் கையால் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாவடி ஒரு பள்ளிக்கூடம். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு வரை. நடப்பதற்குப் பாதை விட்டு, இரு பக்கமும் எல்லா வேட்பாளர் ஆட்களும் அட்டை பிடித்து நிற்கலாம். உள்ளே பேட்ஜோடு கூடப் போகக் கூடாது. எனக்கு ஒரு பக்கம் சாண்டர்ஸ் ஆதரவாளரான கல்லூரிப் பையன், மறுபக்கம் க்ளோபுஷார் ஆதரவாளரான ஓய்வு பெற்ற ஆசிரியை. ஏழு மணிக்குள் மூவரும் கைச்சூட்டுப் பொட்டலங்களைப் பங்கிட்டுக்கொண்டோம். கடைசிப் புளியோதரையை ஆசிரியை ருசி பார்த்தார். நிலக்கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றார்.

ஏழரைக்கு மதுரைத் தம்பதி வந்தார்கள். அவர் ஆபீஸ் போகும் உடையில், மேலே கோட்டு. அவள் தலைக்கு மேல் ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றியிருந்தாள். அட்டையை முதலில் மார்போடு அணைத்துப் பிடித்தார்கள். பத்து நிமிடத்தில் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். ஓட்டுப் போட முடியாத இரண்டு பேர், போடப் போகிற ஒவ்வொருவரையும் பார்த்து, குட் மார்னிங், தேங்க் யூ ஃபார் வோட்டிங் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எட்டரைக்கு அவர் வேலைக்குப் போனார். அவள் போகவில்லை, மதியம் வரை நின்றாள்.

ஒன்பது மணி வாக்கில் நாய் வைத்திருந்த அந்த அம்மா வந்தார். என்னைப் பார்த்தார், உள்ளே போனார். வெளியே வரும்போது நின்று என் கையைப் பிடித்து, "பொண்ணுக்கு என் அன்பைச் சொல்லு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மதியத்துக்கு மேல் நான்கு பேர் எங்கள் பேட்ஜைப் பார்த்து, "நல்லவர்தான், ஆனா ஏமிக்குப் போட்டேன், வெள்ளிக்கிழமை நல்லாப் பேசினாங்க" என்று தாங்களாகவே வந்து சொன்னார்கள். பக்கத்து ஆசிரியை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்.

மாலை ஏழு மணி தாண்டி, இருட்டில் ஒரு பழைய கார் வந்து நின்றது. கைக்குழந்தைப் பெண். நர்ஸ் சீருடை, கையில் ஒரு மின்சார பில். குழந்தை அம்மாவிடம் இருக்கிறதாம், ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். புதிதாகப் பதிகிறவர்கள் வரிசை நீளமாக இருந்தது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்து, தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள். கார் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, டிவி முன்னால் உட்கார்ந்தோம். சாண்டர்ஸ் 25.6 சதவீதம். புட்டிஜெஜ் 24.3. க்ளோபுஷார் 19.7. அதற்குப் பின் வெகு தூரம் விட்டு வாரன், 9.2. பைடன் அதற்கும் கீழே. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் கிடைக்க 15 சதவீதம் வேண்டும். எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. வாரன் சீக்கிரமே மேடைக்கு வந்து பேசினார். ஒரு பெண்ணால் முடியாது என்று ஒதுக்கினால் அந்தக் கணிப்பு எவ்வளவு தப்பாகும் என்று ஏமி காட்டிவிட்டார் என வாழ்த்தினார். வீட்டுக்கார அம்மா எழுந்து போய்ச் சூப்பைச் சூடு பண்ணினார். மொத்தம் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் இந்தக் கட்சிப் பிரைமரியில் போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் இத்தனை பேர் போட்டதில்லையாம்.

27,000 சொச்சம் பேர் வாரனுக்குப் போட்டிருக்கிறார்கள். இன்னும் எத்தனை பேருக்கு அவரைப் பிடித்திருந்தும் போடவில்லை என்பது எந்தக் கணக்கிலும் வராது. நான் தட்டிய கதவுகளில் மட்டும் பதினொரு பேர். பெயர் பெயராக ஞாபகம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையில் முதல் வேலை, தெருவில் நட்ட அட்டைகளைப் பிடுங்குவது. கம்பிகள் பனிக்கட்டியில் இறுகிப் போயிருந்தன. வீட்டுக்கார அம்மா கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற நாங்கள் ஆட்டி ஆட்டி எடுத்தோம். 31 அட்டைகள். கராஜில் 1968-லிருந்து எல்லாத் தேர்தல் அட்டைகளும் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார். ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் என்று பிரிக்கவில்லை, வருட வரிசைதான். எங்களுடையதில் ஒன்றைக் கடைசியில் சாய்த்தார். மகளின் படத்தையும் அங்கே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அது அவளிடம் கேட்க வேண்டிய விஷயம், போன் போட்டுக் கொடுத்தேன். "வச்சுக்கச் சொல்லுங்க, நான் வேற வரையறேன்" என்றாள்.

பெரிய மாநிலங்கள் பல மார்ச் 3-ல் போடுகின்றன. அதற்கு முன் 22-ஆம் தேதி நெவாடா. அங்கே போன் செய்ய ஒரு பட்டியல் அமைப்பாளர் நேற்றிரவே அனுப்பியிருக்கிறாள், அழுது வீங்கிய கண்ணோடு ஒரு சிரிப்புப் படத்தையும் சேர்த்து. மதுரைப் பெண் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள், அவளும் பாதிப் பட்டியலை எடுத்துக்கொள்கிறாளாம். தோழி வண்டி ஓட்டுகிறாள். வொர்ஸ்டர் தாண்டிவிட்டோம். நெவாடாவில் இப்போது மணி ஒன்பது, முதல் நம்பரைப் போடலாம்.